மெயின் போர்டு மாற்றிய வெள்ளிக்கிழமை

கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் நான் பாட்டுக் கேட்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது. வாசிப்பவர் மூச்சு வாங்க நிறுத்தினார். தவில் இன்னும் தொடங்கவில்லை. அந்த இடைவெளியில் ஏதோ ஒன்று கேட்டது. அடியில் 'ம்ம்' என்று ஒரு கனமான முனகல், அதற்கு மேலே மெல்லிய கம்பி இழுபடுவதுபோல 'ஙீ' என்று ஒரு நீளச் சத்தம். ஆம்ப்ளிஃபயரின் சத்தத்தைக் குறைத்தேன். பாட்டு குறைந்தது, அது குறையவில்லை.

நான் ஒரு அச்சகத்தில் ஆஃப்செட் மெஷின் ஓட்டுகிறேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், காலண்டர் எல்லாம் அடிப்போம். காலையில் மெஷின் அருகே நின்றால் சாயங்காலம் வரை அந்த இரைச்சல்தான். பக்கத்தில் நிற்பவனிடம் பேசவேண்டுமானால் தோளைத் தட்டித் திருப்பிக் கத்தவேண்டும். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, சன்னல்களைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, நாற்காலியில் உட்காருவேன். பாட்டை எவ்வளவு விரும்பினேனோ அதே அளவுக்கு, ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் வரும் அந்த வெறுமையையும் விரும்பினேன். அன்றைய பொழுதில் என் காது சும்மா இருப்பது அப்போது மட்டும்தான்.

சமையலறையில் இருந்த மனைவியைக் கூப்பிட்டேன். மஞ்சக்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவள். எதையும் உறுதி செய்துகொள்ளாமல் சொல்லமாட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஸ்பீக்கரின் துணிமேல் காதை வைத்தாள்.

"ஆமாங்க. வண்டு மாதிரி ஏதோ கேக்குது."

"நாற்காலிலேந்து கேக்கலியா ஒனக்கு?"

நாற்காலியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்தாள். "இங்கேந்து தெரியல. கிட்டப் போனாதான் கேக்குது."

அவளுக்கு இதிலெல்லாம் பழக்கமில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்கும் கேட்டது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

அந்த ஆம்ப்ளிஃபயரைச் செய்து கொடுத்தவன் என் மச்சான், மனைவியின் தம்பி. சிதம்பரத்தில் தெற்கு வீதியில் ரேடியோ, ஸ்பீக்கர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். போன் செய்ததும் அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டான். கேபிளை மாற்றினான், பெட்டியைத் திறந்து எதையோ பற்றவைத்தான், பிளக்கைத் திருப்பிச் செருகினான். ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"இது செட்டு கோளாறு இல்ல மாமா. கரண்ட்லயே அழுக்கு வருது. ஒங்க வீட்டு எர்த்து சரியில்ல."

அவன் போன பிறகு சத்தம் மோசமானது. செட்டை அணைத்தாலும் கேட்கத் தொடங்கியது. சுவரிலிருந்து வருவதாகத் தோன்றியது. சுவிட்ச் போர்டுகளின் மேல் காதை வைத்துக்கொண்டு அறை அறையாகப் போவேன். டெஸ்டரின் முனையைச் சுவரில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துப் பார்ப்பேன். எல்லா இடத்திலும் இருந்தது. படுக்கையறையில் தலைமாட்டுச் சுவருக்குள் கரண்ட் ஒயர் போகிறது என்று கட்டிலை எதிர்ப்பக்கம் இழுத்துப் போட்டேன். அங்கேயும் வந்தது.

ஒரு நாள் ஃப்ரிட்ஜ்தான் காரணம் என்று முடிவு செய்து பிளக்கைப் பிடுங்கினேன். பிடுங்கியதை மறந்து வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்தபோது இட்லி மாவு பொங்கி வழிந்து தட்டெல்லாம் ஓடியிருந்தது. பால் திரிந்துவிட்டிருந்தது. மனைவி தரையில் உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டாவது போயிருக்கலாம் இல்ல?"

"அந்தச் சனியன் சத்தம் போடுது. ஒனக்கு அது புரியாது."

"எனக்குப் புரியல, சரி. புரியற மாதிரி சொல்லுங்களேன்."

சத்தத்தை எப்படிச் சொல்வது? வலி என்றால் இடத்தைத் தொட்டுக் காட்டலாம். துடைக்கும் துணியை அவள் கையிலிருந்து வாங்கி மீதியைத் துடைத்தேன்.

தெருமுனையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. ஒரு மாலை அதன் அடியில் போய் நின்று அண்ணாந்து கேட்டேன். அதுவும் முனகியது. எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து கேட்டேன். திரும்ப டிரான்ஸ்ஃபார்மருக்குப் போனேன். இப்படி நான் போய்வந்துகொண்டிருந்ததை எதிர்வீட்டு அம்மா பார்த்துவிட்டு, ஏதாவது தொலைந்துபோய்விட்டதா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். மின்சார அலுவலகத்துக்கும் போனேன். வோல்டேஜ் குறைவா, ஜாஸ்தியா என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை, சத்தம் என்றேன். கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஆள் அனுப்புகிறேன் என்றார். ஆள் வந்தார், மீட்டரைப் பார்த்தார், எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

கரண்ட் போனால் சத்தம் நிற்கிறதா என்று மச்சான் போனில் கேட்டான். எங்கள் வீட்டில் கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் வந்துவிடும். அது தன் பங்குக்கு ஒரு முனகல் போடும். 'இன்வெர்ட்டர் சத்தம் சேந்துக்குது மச்சான், ஒண்ணும் தெரியல' என்றேன். அதை நிறுத்திவிட்டுக் கேட்டுப் பாருங்கள் என்று அவன் சொல்லவில்லை. எனக்கும் அது தோன்றவில்லை.

அச்சகத்தில் மட்டும் எனக்குச் சத்தம் கேட்கவில்லை. மெஷின் அருகே போய் நின்றால் எல்லாம் அடங்கிவிடும். ஆகவே கோளாறு வீட்டில்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பவே பயமாக இருக்கும். செம்மண்டலம் வந்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு எங்காவது போய்விடலாமா என்றிருக்கும். தூக்கம் குறைந்ததால் வேலையில் கவனம் தப்பியது. ஒரு நாள் தாள் மாட்டிக்கொண்டு மெஷின் கடகடத்தபோது எனக்கு அது கேட்கவே இல்லை. முதலாளி ஓடிவந்து நிறுத்தினார். "காது அடச்சிருக்காய்யா ஒனக்கு?" என்று கத்தினார். கோபத்தில் சொன்ன வார்த்தை. நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் மச்சான் ஒரு யோசனை சொன்னான். "செட்ட இங்க தூக்கிட்டு வாங்க மாமா. என் வூட்ல போட்டுப் பாப்போம். இங்க சத்தம் வரலன்னா ஒங்க வூட்டு கரண்ட்தான். அப்பறம் பேச்சே இல்ல."

ஆம்ப்ளிஃபயரைப் போர்வையில் சுற்றி, சிதம்பரம் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். மச்சான் வீடு கடைக்கு மேலே, மாடியில். கீழே வீதியில் ஆட்டோக்கள், பஸ்கள், பூக்கடைக்காரர்களின் குரல், எதிரே ஒரு பாத்திரக் கடை. செட்டை மாட்டி, பாட்டு எதுவும் போடாமல் வெறுமனே ஓடவிட்டான். நான் ஸ்பீக்கரின் முன் மண்டியிட்டுக் காதை வைத்தேன்.

இல்லை. எதுவும் இல்லை.

மறுபடியும் கேட்டேன். எழுந்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். வீதியின் இரைச்சல் மட்டும்தான் சன்னல் வழியே வந்தது. மச்சான் என் முதுகில் தட்டினான்.

"பாத்தீங்களா? நான் சொல்லல? மெயின் போர்ட மாத்துங்க மாமா. எர்த்து புதுசாப் போடுங்க. செட்டுக்குன்னு தனி லைன் ஒண்ணு நேரா மெயின்லேந்தே இழுத்துருங்க. வேற எதுவும் அதுல சேரக் கூடாது. சும்மா கெணத்துக்குள்ள ஒக்காந்த மாதிரி இருக்கும், அமைதி."

அன்று மத்தியானம் அவன் வீட்டில் நான் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். பல வாரங்களாக அப்படிச் சாப்பிட்டதில்லை.

எங்கள் வீட்டு மெயின் போர்டு நடையில், செருப்பு விடும் இடத்துக்கு மேலே இருந்தது. வீடு கட்டியபோது போட்டது. மரப்பலகையில் பீங்கான் ஃப்யூஸ்கள், துருப்பிடித்த இரும்பு மெயின் சுவிட்ச். கடல் காற்று அதன் மூடியைப் பொரித்த அப்பளம் மாதிரி ஆக்கியிருந்தது. இதைப் பார்த்தபோதெல்லாம் என் எதிரியை நேருக்கு நேர் பார்ப்பதுபோல இருந்தது. இவ்வளவு நாளும் இதன் அடியில்தான் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தோமா என்று ஆத்திரமாக வரும்.

எலக்ட்ரீஷியனை மச்சான்தான் சொன்னான். நாங்கள் அவரை பாய் என்றே கூப்பிட்டோம். பரங்கிப்பேட்டைக்காரர். சவுதியில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். போர்டைத் திறந்து பார்த்தார், கொல்லைப்பக்கம் போய் எர்த் பைப் புதைத்த இடத்தைக் காலால் கிளறிப் பார்த்தார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. ஒரு ரேடியோ பொட்டிக்காகவா இம்புட்டு வேல?"

"அதுக்காகத்தான் பாய்."

"போர்டு மாத்த வேண்டியதுதான், அதுல சந்தேகம் இல்ல. ஆனா சத்தம் போகும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

"போகும் பாய். சிதம்பரத்துல போயிடுச்சே."

அவர் வேறு ஏதோ கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

மின்சார அலுவலகத்தில் சொல்லி, வெள்ளிக்கிழமை காலையில் கம்பத்திலிருந்து வரும் இணைப்பைக் கழற்றிவிட ஏற்பாடு செய்தோம். நான் லீவு போட்டுவிட்டேன். மனைவி பள்ளிக்கூடம் போகும்போது வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"இதோட சரியாயிரும் இல்ல?"

"சரியாயிரும்."

பாயும் அவருடைய மைத்துனரும் வந்தார்கள். பழைய பலகையைச் சுவரிலிருந்து பெயர்த்தபோது பின்னால் கறுப்பாகப் புகை படிந்திருந்தது. நியூட்ரல் ஒயர் மாட்டியிருந்த இடத்தில் திருகு தளர்ந்து, ஒயரின் மேலுறை உருகிக் கரியாகியிருந்தது. பாய் அதை என்னிடம் நீட்டினார். "நல்ல வேள சார். என்னைக்காவது பத்திக்கிட்டிருக்கும்." கொல்லையில் எர்த் பைப்பைத் தோண்டினால், மண்ணுக்குமேல் தெரிந்த பாகம் மட்டும்தான் பைப்பாக இருந்தது. கீழே துருத்தூள். எனக்கு ஒரே சந்தோஷம். வீட்டில் தீப்பிடித்திருக்கும் என்று ஒருவர் சொல்வதைக் கேட்டு யாராவது சந்தோஷப்படுவார்களா? நான் பட்டேன். என் இரைச்சலுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது, கையில் வைத்துப் பார்க்கக்கூடிய, கரிப்பிடித்த ஒரு காரணம்.

புதிய பெட்டியைச் சுவருக்குள் பதிக்க டிரில்லிங் மெஷினால் குடைந்தார்கள். அதற்குப் பக்கத்து வீட்டிலிருந்து கரண்ட் இழுத்திருந்தார்கள். கொல்லையில் புதுக்குழி வெட்டிச் செம்புக் கம்பியை இறக்கினார்கள். இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் கழற்றி வாசலில் வைத்தார்கள். வீடு முழுக்க ஒரே சத்தம், செங்கல் தூசி. அப்போது மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. பாய் கை கால் கழுவிக்கொண்டார்.

"ஜும்மாவுக்குப் போயிட்டு அப்பிடியே சாப்ட்டு வந்துர்றோம் சார். எதையும் தொடாதீங்க."

இருவரும் வண்டியில் போனார்கள். நான் கதவைச் சாத்திவிட்டு வந்து முன்னறையில் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஃபேன் இல்லை, ஃப்ரிட்ஜ் இல்லை, இன்வெர்ட்டர் இல்லை. சுவரில் பெட்டிக்கான ஓட்டை, அதிலிருந்து தொங்கும் ஒயர்கள். அவற்றின் செம்பு முனைகள் எதையும் தொடாமல் காற்றில் நின்றன. தெருவில் வெயிலுக்கு யாரும் இல்லை. வீட்டுக்குள் ஒரு சொட்டுக் கரண்ட் கிடையாது.

சத்தம் கேட்டது.

அடியில் இருந்த அந்த 'ம்ம்' இல்லை. அது போய்விட்டிருந்தது. மேலே இருந்த மெல்லிசுக் கம்பி மட்டும் 'ஙீ' என்று, எந்த மாற்றமும் இல்லாமல், அதுபாட்டுக்கு இழுபட்டுக்கொண்டிருந்தது. எழுந்து நடைக்குப் போனேன். சத்தம் கூடவுமில்லை, குறையவுமில்லை. கொல்லைக்குப் போனேன், புதுக்குழியின் அருகே நின்றேன். அதே அளவு. உள்ளே வந்து படுக்கையறைக் கதவைச் சாத்தி, தலையணையை எடுத்து இரண்டு காதையும் அழுத்தி மூடினேன். உலகத்திலிருந்து வரும் எதுவும் காதுக்குள் நுழையாதபடி அழுத்தினேன்.

இன்னும் பலமாகக் கேட்டது.

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. எனக்கு அழுகை வரவில்லை. பயம்கூட உடனே வரவில்லை. முதலில் வந்தது வெட்கம்தான். பிறகுதான் மெல்ல அது ஏறிவந்தது: ஒயரை மாற்றலாம், பெட்டியை மாற்றலாம், வீட்டையே விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போகலாம். எங்கே போனாலும் இது என்னோடு வந்து முதல் ஆளாக உள்ளே நுழையும். சாகும்வரை. அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். என் குரலுக்குப் பின்னாலும் அது நின்றது.

வெளியே வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்துபோய் முகம் கழுவினேன். பாய் வந்து என்னைப் பார்த்தார்.

"என்ன சார், சாப்புடலியா?"

"சாப்டேன் பாய். நீங்க வேலையப் பாருங்க."

அவரிடம் என்ன சொல்வது? பாதி வீட்டைப் பெயர்த்துப் போட்டாகிவிட்டது. நான் அங்கேயே நின்று வேலை முழுவதையும் பார்த்தேன். வெள்ளைப் பெட்டி சுவருக்குள் உட்கார்ந்தது. சுவிட்சுகள் வரிசையாக ஏறின. செட்டுக்கான தனி லைனைக் கனத்த ஒயராக இழுத்து, என் நாற்காலிக்கு எதிரே ஒரு தனிப் பிளக்கில் கொண்டுவந்து முடித்தார் பாய். எல்லாம் அழகாக, நேராக இருந்தது.

சாயங்காலம் மனைவி வந்த சிறிது நேரத்தில் மின்சாரம் கொடுத்தார்கள். அவள் தோள்பையைக்கூட இறக்கிவைக்காமல் நேரே போய் ஸ்பீக்கரில் காதை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு என்னைப் பார்த்த முகத்தை நான் மறக்கமாட்டேன்.

"சுத்தமா இல்லீங்க! போயே போச்சு! நீங்க கேளுங்களேன்."

நான் குனிந்து காதை வைத்தேன்.

"ஆமா. போயிருச்சு."

பாய் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டுக் கருவிகளைப் பையில் எடுத்து வைத்தார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப்போலக் கொடுமையான நாட்களை நான் அனுபவித்ததில்லை. முன்பு தேடுவதற்கு ஒரு சுவராவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை. சத்தம் போய்விட்டதாக எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. மச்சான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வரும் இரண்டு நண்பர்களையும் கூட்டிக்கொண்டு வந்தான். பாட்டுக் கேட்க அல்ல, பாட்டு இல்லாததைக் கேட்க. செட்டை ஓடவிட்டு, சத்தத்தை முழுதாகத் திருகி, "எதாவது வருதா சொல்லு பாப்போம்" என்று அவர்களிடம் சவால் விட்டான். அவர்கள் அதிசயப்பட்டார்கள். நான் டீ கொண்டுவருகிறேன் என்று சமையலறைக்குப் போய், மிக்சியை வெறுமனே ஓடவிட்டுக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றேன்.

மனைவிக்கும் ஒரு லாபம் இருந்தது. "வாஷிங் மெஷின ஈரக் கையோட தொட்டா சுள்ளுனு இழுக்குமில்ல? இப்ப அது இல்லீங்க" என்றாள். அவள் மகிழ்ச்சியாக இருந்தாள். அதனாலேயே சொல்ல முடியவில்லை. பாட்டுக் கேட்பதை நிறுத்தினேன். ஏன் என்று கேட்டபோது வேலை ஜாஸ்தி என்றேன். மார்கழிக் குளிரிலும் ஃபேனை முழு வேகத்தில் வைத்துப் படுத்தேன். அச்சகத்தில் ஓவர்டைம் கேட்டு வாங்கினேன். மெஷின் பக்கத்தில் நிற்கும்போது மட்டும்தான் மனுஷனாக இருந்தேன். மாடிப்படி ஏறும்போதும், கெடிலம் ஆற்றுப் பாலத்தில் வண்டியை மெதுவாக ஓட்டும்போதும் வந்த எண்ணங்களை இங்கே எழுதப்போவதில்லை. வந்தன என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு மாலை நல்ல மழை. காற்றுக்கு எங்கோ கம்பி அறுந்து கரண்ட் போனது. இன்வெர்ட்டர் கொஞ்ச நேரம் தாங்கிவிட்டு அணைந்தது. மழையும் நின்றது. மனைவி மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். விடைத்தாள் திருத்த முடியாததில் அவளுக்கும் ஓய்வு.

"எவ்ளோ அமைதியா இருக்கு பாருங்க. ஒரு சத்தம் இல்ல. இப்பிடியே இருந்தா நல்லாருக்கும் இல்ல?"

எனக்குள் எதுவோ அறுந்தது. இரண்டு கைகளாலும் தலையில் அடித்துக்கொண்டேன். அவள் பதறிப்போய் என் கைகளைப் பிடித்தாள்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"இருக்கு. சத்தம் இருக்கு. அன்னைக்கும் இருந்துச்சு. போகவே இல்ல. செவுத்துல இல்ல, இங்க இருக்கு, இங்க." தலையைக் காட்டினேன். "என்னால முடியல. இனிமே முடியாது."

என் தலையைப் பிடித்துத் தன் பக்கம் சாய்த்து, நிஜமாகவே தன் காதை என் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டாள். அதைப்போல ஒரு பைத்தியக்காரத்தனத்தை நான் பார்த்ததில்லை. எதுவும் கேட்டிருக்காது. ஆனாலும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

"எனக்குக் கேக்கல," என்றாள் கடைசியில். "ஆனா ஒங்களுக்குக் கேக்குதுன்னா இருக்குதுன்னுதான் அர்த்தம். நாளைக்கே டாக்டர் கிட்டப் போறோம்."

காது சரியில்லை என்று மட்டும் சொல்லி, மச்சான் மூலமாகச் சிதம்பரத்தில் ஒரு காது டாக்டரைப் பார்த்தோம். வயதான அம்மா. முதலில் காதைச் சோதிக்க ஒரு சின்ன அறைக்குள் அனுப்பினார்கள். சுவர், கூரை, கதவு எல்லாம் பஞ்சு வைத்த அறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து உள்ளே வந்தாள். என் தலையில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள்.

"சத்தம் கேக்கறப்பல்லாம் அமுக்குங்க சார்."

கதவு மூடியது. என் வாழ்நாளில் அப்படி ஓர் அமைதிக்குள் நான் இருந்ததில்லை. இத்தனை நாளாக நான் கட்ட நினைத்தது இந்த அறையைத்தான். அதற்குள் அது சைரன் மாதிரி ஊதியது. நான் பட்டனை அமுக்கினேன். அமுக்கிக்கொண்டே இருந்தேன். அந்தப் பெண்ணின் குரல் ஹெட்ஃபோனில் வந்தது.

"சார், நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

டாக்டரம்மா ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். மேடாகப் போய்க்கொண்டிருந்த கோடு ஓரிடத்தில் குழிக்குள் விழுந்திருந்தது. எங்கே வேலை என்று கேட்டார். சொன்னேன்.

"மெஷின் பக்கத்துல நிக்கறப்போ காதுல எதாவது வெச்சுக்குவீங்களா?"

"இல்லீங்கம்மா. யாரும் வெச்சுக்க மாட்டாங்க."

"மெல்லிசான சத்தம் எல்லாம் கேக்கற பாகம் ரெண்டு காதுலயும் தேஞ்சுபோச்சு. அங்கேந்து ஒண்ணும் வரலன்னதும் மூளை அதுவா ஒரு சத்தத்தப் போட்டுக்குது. அமைதியா இருந்தா ஜாஸ்தியாத் தெரியும். ரோட்டுல, மெஷின் பக்கத்துல நின்னா தெரியாது."

மச்சான் வீட்டு மாடியும் அதன் கீழே இருந்த வீதியும் நினைவுக்கு வந்தன.

"இது நிக்குமாம்மா?"

அவர் என் மனைவியைப் பார்த்தார், பிறகு என்னை.

"நிக்கும்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க அதக் கவனிக்கறது கொறஞ்சுபோகும். நெறைய பேருக்குக் கொறஞ்சிருக்கு. வீட்ட அமைதியா வெக்காதீங்க. சன்னலத் தொறந்து போடுங்க, ரேடியோ பாடட்டும். காதுக்கு ஒரு சின்ன மெஷின் தர்றேன். வேலைல காதுக்குக் கட்டாயம் அடைப்பு போடணும். இன்னொண்ணு, உண்மையச் சொல்லுங்க. உயிர விட்டுரலாம்னு தோணுச்சா?"

நான் தரையைப் பார்த்தேன். மனைவியின் கை என் முழங்கைக்கு மேல் இறுகியது. டாக்டரம்மா அதற்கும் ஒரு மனநல மருத்துவரின் பெயரைச் சொல்லி, இந்த வாரமே பார்க்கவேண்டும் என்றார். பார்த்தேன். அந்த மாத்திரைகளும் பேச்சும் எனக்கு உதவின. அதைச் சொல்லிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன்.

வெளியே காத்திருந்த மச்சானிடம் மனைவிதான் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வராந்தாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"நான்தான் மாமா ஒங்கள இதுல இழுத்துவிட்டேன். எர்த்து, போர்டுன்னு சொல்லிச் சொல்லி. ஆளுங்களக் கூட்டியாந்து வேற காட்டுனேனே. சீ!"

"நீ சொன்னது தப்பு இல்ல மச்சான். ரெண்டு சத்தம் இருந்துச்சு. ஒண்ண நீ எடுத்துட்ட."

அது அவனைத் தேற்றியதா என்று தெரியவில்லை. பஸ்ஸில் எங்களுக்கு இடம் பிடித்து உட்காரவைத்துவிட்டுத்தான் அவன் போனான்.

இது நடந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. சத்தம் நிற்கவில்லை. இதை எழுதும்போதும் இருக்கிறது. காதில் மாட்டும் மெஷின் பழகுவதற்கே பல வாரம் பிடித்தது. முதலில் பாத்திரச் சத்தமெல்லாம் ஊசிபோல இறங்கியது. அச்சகத்தில் நான் காதை அடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து முதலில் சிரித்தார்கள். இப்போது இன்னொருவரும் வைத்துக்கொள்கிறார். பாட்டை மறுபடி கேட்கத் தொடங்கினேன், சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு. நாதஸ்வரத்தின் உச்சியில் எனக்குக் கிடைக்காமல் போன பாகம் எவ்வளவு என்பது இப்போது தெரிகிறது. சில நாள் அதை நினைத்துச் செட்டை அணைத்துவிடுவேன். சில நாள் அப்படியே கேட்பேன். கெட்ட நாட்கள் இன்னும் வருகின்றன. காரணம் எதுவும் இல்லாமல் வந்து இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டுப் போகின்றன.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீன் வாங்க முதுநகர் போயிருந்தேன். வஞ்சிரம் நல்லதாக இருந்தது. பேரம் பேசி, வெட்டி வாங்கி, வழியில் தெரிந்தவர் ஒருவரைப் பார்த்து நின்று பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து, குழம்புக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து அதை நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உறைத்த நொடியிலேயே அது வந்துவிட்டது. நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"என்னங்க?" என்றாள் மனைவி.

"இன்னைக்கு மறந்துட்டேன். இப்பதான் ஞாபகம் வந்துச்சு."

அவள் அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினாள். "எது வரைக்கும் மறந்தீங்க?"

"காலையிலேந்து. இந்த வெங்காயம் வரைக்கும்."

அவள் கண் கலங்கியது. வெங்காயத்தால் என்றுதான் சொன்னாள். மீதி வெங்காயத்தையும் என் பக்கம் தள்ளிவைத்துவிட்டு, மீனைக் கழுவப் போனாள்.